படத்தில் வராத குழாயடிச் சண்டை

அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். பழுதான லிஃப்டுகளைச் சரிபார்ப்பது வேலை. மொட்டை மாடி மோட்டார் அறையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் கருவிப் பையிலிருந்து ஒரு நாவலை எடுப்பார். எப்போதும் அதே நாவல். "ஒண்ணையே எத்தனை தடவை படிப்பீங்க?" என்று கேட்டால், "கட்டின பொண்டாட்டியை ஒரு தடவை பார்த்தா போதுமா?" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நாவலின் நாயகி விடுதி நடத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம். நியாயம் என்று வந்துவிட்டால் எமனோடும் மல்லுக்கு நிற்பாள். அதை முதலில் படித்தது அவர் மனைவி. "எவனோ என்னைப் பத்தி எழுதி வச்சிருக்கான், படிச்சுப் பாருங்க" என்று கையில் திணித்தாள். பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அவளேதான்: இடுப்பில் கை, கோபம் வந்தால் மூக்குச் சுளிப்பு. அவள் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் போட்டோக்கள் இருந்தன. போட்டோ சண்டை போடுமா? நாவலில் போட்டாள்.

இந்த லட்சணத்தில் அதைப் படமாக எடுத்துத் தொலைத்தார்கள். மாட்டேன் என்றவரை மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். படம் நன்றாக இருந்தது, வினையே அதுதான். நடிகை கொட்டும் மழையில் நின்று அழுதாள். தியேட்டரே அழுதது. அவரும் அழுதார்.

மறுநாள் புத்தகத்தைத் திறந்தால், இடுப்பில் கை வைத்து நிற்கிறாள் நடிகை. மூடித் திறந்தார். அவளேதான். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மகளிடம் போனார்.

"விடுங்கப்பா, நல்லாத்தானே நடிச்சா" என்றாள் மகள்.

"உங்கம்மாவைத் துரத்திட்டுக் குடியேறிட்டாம்மா அவ. கிளப்பாம விடமாட்டேன்."

அந்த மழைக் காட்சியிலேயே போய் முட்டினார். படிக்கப் படிக்க நடிகைதான் நனைந்தாள். மனைவியின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார்; போட்டோவும் அழ ஆரம்பித்துவிட்டது. பதறிப்போய் அதை உள்ளே வைத்தார். அவள் அப்படியெல்லாம் அழுகிறவளே இல்லை.

ஒருநாள் ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஆள் கதவைத் தட்டுகிறார். வெளியே காவலாளி கம்பியால் கதவை நெம்பப் பார்க்கிறார்.

"அண்ணே, மாட்டின இடத்துல முட்டாதீங்க" என்றார் லிஃப்ட்காரர். "மேலே போய் பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால சுத்தணும். எந்தப் பக்கம் லேசா நகருதோ அந்த மாடிக்குக் கொண்டுவரணும்."

ஆளை இறக்கிவிட்ட பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

நாவலில் குழாயடிச் சண்டை ஓர் அத்தியாயம். கதைக்குத் தேவையில்லை என்று படத்தில் வெட்டிவிட்டிருந்தார்கள், புண்ணியவான்கள். அங்கே திறந்தார். பக்கத்து வீட்டுக்காரன் பொதுக் குழாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கிறான். நாயகி வாளியோடு போய் நிற்கிறாள். "பூட்டைத் தொறக்கிறியா, உன் ஜன்னலுக்குக் கீழே நின்னு பாட ஆரம்பிக்கவா?" மனைவியின் மூக்கு சுளித்தது. நடிகைக்கு அந்தக் குழாயடிக்கு வழியே தெரியாது.

அங்கிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மனைவியை மழைக் காட்சியை நோக்கி நகர்த்திக்கொண்டு வந்தார். நடிகை எட்டிப் பார்த்தால் போதும், மறுபடி குழாயடிக்கே போய் முதலிலிருந்து ஆரம்பிப்பார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அசரவில்லை.

மழைக் காட்சியைப் படித்து முடித்த அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "இப்ப யாருப்பா நனையுறா?"

"உங்கம்மாதான். 'எவளோ ஒருத்தி அழுதா, நீங்களும் கூட உட்கார்ந்து அழுவீங்களா'ன்னு மழையில நின்னு என்னைத் திட்டுறாம்மா."

சொல்லும்போதே லிஃப்ட்காரர் அழுதுவிட்டார்.