இடம் போடப் போன அம்மாவும் இரண்டாகப் பிரிந்த ரயிலும்

இந்த வருடக் கோடை செமஸ்டரை நான் ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில் படித்தேன். தாம்பரத்தில் நான் படிக்கும் கல்லூரிக்கும் அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. நான்கு மாதத்தில் கிடைத்த சனி, ஞாயிறுகளிலெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதில் மே மாதம் அம்மாவுடன் போன பயணத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நம்ம ஊர் லோக்கல் ரயிலில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறை நான் அதில் செய்தேன். நீங்களும் செய்துவிடக் கூடாது.

சிட்லபாக்கம் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மா கிண்டி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அதே மியூனிக்கில் இரண்டு வருட முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று என் பேராசிரியர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். ஃபோனில் சொன்னதும் அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "லீவுல நானே வந்து பாத்துட்டு சொல்றேன்" என்றார். சொன்னபடியே பத்து நாளுக்கு வந்தும் விட்டார். ஆக, எனக்கு அது சுற்றுலா இல்லை, பரீட்சை.

அதனால் முதல் ஒரு வாரம் நான் ரொம்பவே கெட்டிக்காரியாக நடந்துகொண்டேன். பிராக் பேருந்தில் ஐந்து மணி நேரம், சால்ஸ்பர்க் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. எல்லா இடத்துக்கும் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றோம். அம்மா எதையும் குறை சொல்லவில்லை. சால்ஸ்பர்க் கோட்டையில் மூச்சு வாங்க ஏறியவர் மட்டும், "இதுக்கு நம்ம பரங்கிமலையே தேவலாம். மேல போனா ஏரோப்ளேனாவது பக்கத்துல தெரியும்" என்றார்.

எட்டாவது நாள் சனிக்கிழமை. டெகர்ன்சே என்ற ஏரிக்கரை ஊருக்குப் போகத் திட்டம். மியூனிக்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மியூனிக் இருக்கும் மாநிலத்துக்குள் நாள் முழுக்கச் சுற்ற இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், 39 யூரோ. டிக்கெட் மெஷின் முன்னால் மலையேறப் போகிற கூட்டம் நீளமாக நின்றது. வண்டி கிளம்ப ஏழு நிமிடம்தான் இருந்தது. நான் என்ன செய்தேன்? அம்மாவிடம், "நீ போய் எடம் போட்டு வைம்மா, நான் டிக்கெட் எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

தாம்பரத்தில் பீச் வண்டி காலியாக வந்து நின்றதும் ஒருவர் முன்னால் பாய்ந்து ஏறி, பக்கத்து இருக்கையில் கர்சீப்பையோ பையையோ போட்டுக் கூட வருகிறவருக்கு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா அதில் கில்லாடி. "எந்தப் பொட்டிடீ?" என்று திரும்பிக் கேட்டார். "எதுல ஏறினா என்னம்மா, எல்லாம் ஒரே ஊருக்குத்தானே போவுது" என்றேன். இதுதான் நான் செய்த தவறு.

டிக்கெட்டோடு நான் ஓடி வந்தபோது கதவு மூடப்போகிறது. கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டேன். உள்ளே நடந்தே அம்மாவிடம் போய்விடலாம் என்று பார்த்தால் பாதியில் வழி அடைத்திருந்தது. சரி, இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அம்மா லேடீஸிலும் நான் தோழிகளோடு பொதுப் பெட்டியிலும் எத்தனை நாள் போயிருக்கிறோம்! வழியில் வண்டி பல நிலையங்களில் நின்றது. இறங்கி முன்னால் ஓடியிருக்கலாம். ஆனால் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது, வெளியே பச்சைப் புல்வெளியும் தூரத்தில் பனிமலையும் தெரிந்தன. அந்தச் சுகத்தில் எழுந்திருக்கவில்லை.

ஷாஃப்ட்லாக் என்ற சின்ன நிலையத்தில் வண்டி நின்றபோது ஏதோ அறிவித்தார்கள். என் ஜெர்மனுக்கு 'முன்', 'பின்' என்ற இரண்டு சொற்கள்தான் பிடிபட்டன. எதிரே இருந்த பெண்மணியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "வண்டி இங்கே இரண்டாகப் பிரியும். நாம் டெகர்ன்சே போகிறோம், முன் பாதி லெங்க்ரீஸ் போகிறது" என்றார். நான் குதித்து இறங்குவதற்குள் முன் பாதி அம்மாவோடு கிளம்பிப் போய்விட்டது.

அம்மாவிடம் டிக்கெட் இல்லை. அந்த ஊர் சிம் இல்லை. ஜெர்மன் தெரியாது. அடுத்த லெங்க்ரீஸ் வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று பலகை சொன்னது. நான் ஒருபக்கம் போய் அம்மா மறுபக்கம் திரும்பி வந்துவிட்டால்? அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் பாதி அழுகை, முதுகலை போச்சே என்று மீதி அழுகை. பெற்ற தாயைத் தொலைத்துவிட்டு அதற்கும் சேர்த்து அழுதேனே என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு மணி எட்டு நிமிடம் கழித்து லெங்க்ரீஸிலிருந்து வந்த வண்டியில் அம்மா இறங்கினார். கையில் ஒரு காகிதம். டிக்கெட் கேட்டு வந்த நடத்துநரிடம் இரண்டு பெட்டிகளை வரைந்து, பின்னதில் ஒரு குடுமி வைத்த பொம்மையைப் போட்டு, 'டாட்டர், டிக்கெட்' என்று காட்டியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, வண்டி பிரிந்துவிட்டதைச் சைகையில் விளக்கி, அதே காகிதத்தில் திரும்புகிற வண்டியின் நேரத்தை எழுதிக் கொடுத்தாராம்.

"நடுவுல எங்கியும் எறங்கலியா?"

"நடுவுல எறங்கினா நீ எங்கன்னு தேடுவ? கடைசி வரைக்கும் போய்ட்டு அதே வண்டில வந்தா, நீ பிரிஞ்ச எடத்துல நிப்பன்னு கணக்குப் போட்டேன்" என்றார். அப்புறம், "ஒரு பெரியவர் வந்து ஒக்காரலாமான்னு கேட்டாரு. மை டாட்டர் கமிங்னு சொல்லிட்டேன். பாவம், நின்னுக்கிட்டே வந்தாரு" என்று வருத்தப்பட்டார். நான் அவர் தோளில் சாய்ந்து இன்னொரு சுற்று அழுதேன்.

மதியம் டெகர்ன்சே போய்ச் சேர்ந்தோம். நல்ல வெயில், குளிர்ந்த காற்று. ஏரியில் படகு சவாரி கட்டாயம் போங்கள். அதற்குத் தனி டிக்கெட். சாப்பாடு கரையோரத்தில் விலை அதிகம். நாங்கள் கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம், யாரும் எதுவும் சொல்லவில்லை. போகிறவர்கள் ரயில் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள், ஒரே வண்டியின் முன் பாதிக்கும் பின் பாதிக்கும் வேறு வேறு பெயர் இருக்கும். கூட வருபவருக்கு ஒரு சிம் வாங்கிக் கொடுங்கள். குழு டிக்கெட் எடுத்தால் ஒன்றாகவே உட்காருங்கள்.

படகில் அம்மா சொன்னதைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். அதுவரை விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"நீ இங்க தனியா இருப்பியான்னு பாக்க வந்தேன்னுதான நெனச்சுட்டு இருக்க?"

"வேற எதுக்கு வந்த?"

"நீ இருந்துப்ப, அது எனக்குத் தெரியும். நீ இல்லாம நான் இருந்துப்பேனான்னுதான் தெரியல. காலைல பயமாத்தான் இருந்துச்சு. ஆனா இருந்துட்டேன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அப்ளை பண்ணிடு" என்றார்.

அக்டோபரில் சேருகிறேன். அந்த வீட்டில் அம்மா தனியாக இருப்பார் என்பதை அந்தப் படகில் ஏறும்வரை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.