முதல் சுவிச்சு ரமீசுக்கு

வீட்டுக்கு வயரிங் செய்கிறவன் சுவர் கொத்தித் தூசி தின்னலாம், தகரத்துக்குக் கீழே வேகலாம். முதல் லைட்டைப் போடுகிற கை மட்டும் இன்னொருவனுடையதாக இருக்கும். பாடுபட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற ஆக்களே, உங்களுக்கு இது விளங்கும்.

கைராசி வந்த விதம்

நாவற்குடாவில் வாவிக்கரையோரத் தகர வீடு. பக்கத்து வீட்டு வயரில் ஒற்றை பல்ப் எரித்துக்கொண்டிருந்த செல்வமக்காவுக்குச் சொந்த மீட்டர் வந்தது. மூன்று நாள் வயர் இழுத்தது நான். சுவிச்சுக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டியபோது நான் கூரையில் இருந்தேன். கீழே நின்றவன் என் கூட்டாளி, காத்தான்குடி ரமீஸ். பிஸ்மி சொல்லிப் போட்டான். அன்றைக்கே அக்காவின் மகனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்ததாக போன் வந்தது. அதுக்கு மறுகா செல்வமக்கா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தா: "ரமீஸ் தம்பிட கையாலதான் போடவேணும். மத்தப் பொடியன் வயர இழுக்கட்டும்."

நான் போட்ட லைட்

அடுத்த வீட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. ரமீஸ் ஜும்ஆவுக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக்கார மாமியிடம் "நானே போடுறன் மாமி" என்று போட்டேன். எரிந்தது. இரண்டு நிமிஷம்தான். டக்கென்று ட்ரிப் சுவிச்சு விழுந்து எல்லாம் நின்றுபோயிற்று. லைட்டைக் கண்ட சந்தோசத்தில் மாமி தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய், இரவல் வாங்கின பழைய கரண்ட் கேத்தலைப் போட்டிருக்கிறா. அதில் கரண்ட் ஒழுக்கு. நான் வயரில் பிழை தேடி வியர்த்துக்கொண்டிருக்க, தொழுதுவிட்டு வந்த ரமீஸ் கேத்தலைக் கழற்றினான், ட்ரிப்பைத் தூக்கினான், லைட்டைப் போட்டான். மாமி என்னைப் பாவமாய்ப் பார்த்தா: "பரவாயில்ல மகன். எல்லாருக்கும் எல்லாம் அமையுமா?"

எங்கட வீடு

மீட்டர் எடுக்கக் காணிக் கடிதம் வேண்டும்; எங்கள் காணிக்கு அது கிடைக்க மூன்று வருஷம் போயிற்று. அதுவரை ஊருக்கு வயர் இழுத்தவன் வீட்டில் முன்வீட்டு வயர். அவர்கள் ஓஃப் பண்ணினால் எங்களுக்கும் இருட்டு. மீட்டர் கொண்டுவந்து பூட்டிய பின்னேரம் அம்மா சந்தனம் குழைத்தா. நான் கை கழுவிவிட்டு வந்தேன். "ரமீஸ் வரட்டும் மகன்" என்றா. கரண்ட் வந்த வீட்டில் குப்பிவிளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தோம்.

வந்தவன், "உன்ட வீடு மச்சான், நீ போடு" என்றான். பெருந்தன்மையும் அவனுக்குத்தான் வாய்க்கிறது. விரலைச் சுவிச்சில் வைத்தேன். அம்மா ட்ரிப் பெட்டியைப் பார்த்தா. நானும் பார்த்தேன். விரல் அழுத்தவில்லை. "நீயே போடு" என்றேன். போட்டான், எரிந்தது. அம்மா பல்பைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா: "இப்பதான் மகன் வடிவாத் தெரியுது, உன்ட முகம் கறுத்திருக்கிறது."

நான் வயர் இழுத்த எந்த வீட்டிலும் போய், வெளிச்சம் தந்தது யார் என்று கேட்டுப் பாருங்கள், ரமீஸ் என்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்கள்.