வெட்டிய துணியும் வராத கப்பலும்

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் தையல்கடை வைத்திருக்கிறேன். மெயின்லேண்ட் ரெடிமேட்டை விட்டுவிட்டு, சுதந்திர தினத்துக்கான பள்ளிச் சட்டைகளை முதன்முறையாக என்னிடம் தைக்கக் கொடுத்தார்கள். நூல்தான் கப்பலில் வருகிறதே என்று வெள்ளைத் துணி முழுவதையும் வெட்டிவிட்டேன். கடல் கொந்தளித்து, கப்பல் மெட்ராஸிலேயே நின்றுவிட்டது. பஜாரில் ஒரு கண்டு நூல் இல்லை. வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஓடி ஒளியலாமென்றால் சுற்றிலும் தண்ணீர்.

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா தன் பழைய சேலைக் கரையிலிருந்து சிவப்பு நூலை உருவிக் காட்டி, "நாங்க போர்வை தைக்கிறதே இந்த நூல்லதான், மாஸ்டர்" என்றார் இந்தியில். மெஷினில் அந்த நூல் அறுந்துபோகுமென்று, அக்கம்பக்கத்துப் பெண்களும் நானுமாகக் கையாலேயே தைத்து முடித்தோம்.

"சிவப்புத் தையல் டிசைனா?" என்றார் தலைமையாசிரியர்.

"ஆமாம் சார்" என்றேன், வியர்த்துக்கொண்டே.

இப்போதெல்லாம் கப்பல் கண்ணுக்கே தெரிந்தாலும், நூல் கைக்கு வராமல் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.