கண்ணெல்லாம் இங்கே

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கண்களை எண்ணுவார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வருகிற மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமானதும் தலையைத் தூக்குவார். எத்தனை பிள்ளைகள் ஆசிரியரைப் பார்க்கிறார்கள் என்று எண்ணி ஒரு கட்டத்தில் எழுதுவார். அந்தக் கட்டத்துக்கு 'மாணவர் ஈடுபாடு' என்று பெயர். கண் ஆசிரியர்மேல் இருந்தால் ஈடுபாடு இருக்கிறது, ஜன்னல்மேல் இருந்தால் இல்லை. பிள்ளையின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று எண்ண யாராலும் முடியாது, அதனால் கண்ணை எண்ணிவிட்டுப் போகிறார்கள். யார் கண்டுபிடித்த முறையோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

இந்தக் கட்டத்துக்குப் பயந்துதான் நம் பாட்டில் டீச்சருக்கு மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. பாட்டில் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். தினமும் ஒரு பை நிறையக் காலி பாட்டில், பலூன், உறிஞ்சுகுழல், மெழுகுவர்த்தி என்று தூக்கிக்கொண்டு வந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முப்பத்து மூன்று வயது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள். அங்கே இயந்திரம் வந்தது, அவள் வெளியே வந்தாள். டீச்சர் வேலைக்குப் படி, பாதி நாள் பாடம், மீதி நாள் லீவு என்று நாத்தனார் ஆசை காட்டினாள். அந்த நாத்தனார் ஒரு நாள்கூட வகுப்பில் நின்றதில்லை என்பது இவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

பயிற்சிக்கு ஏழாம் வகுப்பு கிடைத்தது. நாற்பத்தொரு பிள்ளைகள், நாற்பது பாடம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் சிந்தனைக் குறிப்பு என்று ஒரு பக்கம் எழுதி, அந்த வகுப்பின் நிரந்தர அறிவியல் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இன்று எது பிள்ளைகளை ஈர்த்தது, எது ஈர்க்கவில்லை, ஏன்? முதல் பத்துப் பாடத்துக்கு அவள் எழுதியதெல்லாம் ஒரே புலம்பல். செல்லின் அமைப்பைப் பற்றி அவள் உயிரைக் கொடுத்துப் பேசினாள். பின் பெஞ்சில் ஒருவன் நகத்தைக் கடித்து முடித்து அடுத்தவன் நகத்துக்குப் போகிற அளவுக்கு அலுத்துப் போயிருந்தான்.

அப்புறம்தான் பாட்டில்கள் வந்தன. பாட்டிலுக்குள் பலூன் ஊதினாள், சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்துண்டுகளைத் தூக்கினாள். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். ஆரவாரத்தில் பாடம் அடித்துக்கொண்டு போகவே, ஒரு தந்திரம் கற்றாள். இரண்டு தடவை கைதட்டி, "கண்ணெல்லாம்?" என்பாள். நாற்பத்தொரு தொண்டையும் "இங்கே!" என்று கத்தும், முகங்கள் அவள் பக்கம் திரும்பும். முதல் தடவை அது பலித்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைய குறிப்பில் 'நாற்பது பேர் கவனித்தார்கள்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

நாற்பத்தொன்று ஏன் இல்லை என்றால், மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். பேனா மூடியை மென்றுகொண்டு, முழங்கைகளை மேசையில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவாள். ஆசிரியர் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். ஆசிரியர் மேசைமேல் என்ன இருக்கிறதோ அதையே பார்ப்பாள். எல்லாரும் சீப்பு வித்தையைப் பார்த்துக் கைதட்டி ஓய்ந்த பிறகு, காகிதம் கொஞ்ச நேரத்தில் தானாகக் கீழே விழுகிறதே, அது ஏன் என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் டீச்சர். அந்த நாளை வரவேயில்லை. டீச்சரின் பட்டியலில் அந்தப் பெண் 'கவனம் சிதறும் மாணவி'. மேற்பார்வையாளர் வருவதற்கு முந்தின நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு சார் வருவார், தட்டினதும் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியும் வைத்தாள். அவள் தலையை ஆட்டினாள்.

அது முப்பத்தோராவது பாடம். மேசையை வகுப்பின் நடுவில், மூன்றாம் பெஞ்சை ஒட்டி இழுத்துப் போட்டு, தட்டில் மெழுகுவர்த்தியை உருக்கி நிறுத்தி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, பின் பெஞ்சுக்கும் தெரியட்டும் என்று இரண்டு சொட்டு நீல மை விட்டிருந்தாள். எரிகிற மெழுகுவர்த்திமேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தாள். கடைசி பெஞ்சில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. உடனே தட்டினாள். "கண்ணெல்லாம்?" நாற்பது முகம் திரும்பியது. மூன்றாம் பெஞ்சுக்காரியின் மூக்கு மட்டும் டம்ளரை ஒட்டி இருந்தது. சுடர் சுருங்கி அணைந்தது, நீலத் தண்ணீர் டம்ளருக்குள் விறுவிறுவென்று ஏறியது. வகுப்பு 'ஓ' என்றது. தீ ஆக்சிஜனைத் தின்றுவிட்டது, அந்தக் காலி இடத்துக்குத் தண்ணீர் வந்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று பலகையில் எழுதி முடித்தாள். பாடப்புத்தகத்தில் இருந்தது அதுதான்.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், எரியும்போது தண்ணி ஏறவே இல்ல. அப்ப டம்ளருக்கு அடியிலேர்ந்து குமிழி குமிழியா வெளிய வந்துச்சு. அணைஞ்ச அப்புறம்தான் ஏறுச்சு. தீ தின்னுச்சுன்னா எரியும்போதே ஏறணும்ல?"

பாட்டில் டீச்சருக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், வா இன்னொரு தடவை பார்ப்போம் என்றிருக்கலாம். ஆனால் மணி அடிக்க ஏழு நிமிடம் இருந்தது. மேற்பார்வையாளரின் தாளில் 'பாடப்பொருளில் தெளிவு' என்று வேறொரு கட்டமும் இருந்தது.

"நீ சரியாப் பாக்கல," என்றாள். "உக்காரு."

யாரோ ஒரு பையன், அவள் கனவு கண்டிருப்பாள் என்றான். வகுப்பு சிரித்தது. டீச்சரும் லேசாகச் சிரித்துவைத்தாள். அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் ஒரு தடவை டம்ளரைப் பார்த்தாள், ஒரு தடவை டீச்சரைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

மேற்பார்வையாளருக்கு ஏகப்பட்ட திருப்தி. நாற்பது, நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பது என்று கட்டங்களைக் காட்டினார். இவ்வளவு நல்ல எண்ணிக்கை இந்த வருடம் யாருக்கும் இல்லை என்றார். "அந்தப் பொண்ண நல்லா சமாளிச்சீங்க," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதமாக எதற்கு ஏங்கினாளோ அது கைக்கு வந்தது. வந்ததும் கசந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. சமையலறை மேடையில் தட்டை வைத்தாள், மெழுகுவர்த்தியை ஏற்றினாள், டம்ளரைக் கவிழ்த்தாள். சுடரையே பார்த்துக்கொண்டிருந்ததில் முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை முகவாயை மேடையில் வைத்துக்கொண்டு, டம்ளரின் விளிம்பை மட்டும் பார்த்தாள். குமிழி வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கொத்து. சுடர் எரிந்த வரைக்கும் தண்ணீர் அசையவில்லை. அணைந்த பிறகு ஏறியது.

அவள் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். கூடத்தில் எதையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் மெழுகு வாசனைக்கு எழுந்து வந்து, மூன்றாவது தடவையைப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"சூட்டுல காத்து வீங்கி கொஞ்சம் வெளிய போயிடுது. ஆறினதும் உள்ள இருக்கிறது சுருங்குது, தண்ணி ஏறுது," என்றார். "ஃபிரிட்ஜ் கதவ மூடிட்டு ஒடனே திறந்து பாரு, ஒட்டிக்கிட்டு திறக்கவே வராது. அதே கதைதான். இதுக்கா ரெண்டு வருஷம் படிக்கிறீங்க?"

எப்போதும் அவர் கேலிக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள், அன்று டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் புரிந்தது. தீப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

விஞ்ஞானம் தப்பாகப் போனதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. புத்தகத்தையே குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பழைய பரிசோதனைக் கூடத்தில் ஒரு தடவை ஒரு பெரிய டாக்டர் தொலைபேசியில் அவளைப் பிடித்துக் காய்ச்சியிருந்தார். இந்த நோயாளிக்கு இப்படி வர வாய்ப்பே இல்லை, சரியாகப் பார்த்தாயா என்று கத்தினார். பார்த்ததைத்தான் எழுதினேன் டாக்டர் என்றாள் அவள், குரல் நடுங்காமல். இரண்டு நாளில் அவள் எழுதியதுதான் சரி என்று ஆயிற்று. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுந்து சொன்ன ஒரே ஒரு பிள்ளையை, நீ பார்க்கவில்லை என்று உட்கார வைத்தாயிற்று. இனி அவள் எதையாவது பார்ப்பாளா? பார்த்தாலும் நம்புவாளா? இந்தக் கேள்விதான் டீச்சரை அரித்தது.

குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். மறுநாள் அறிவியல் ஆசிரியரிடம் நீட்டினாள். எதற்கெடுத்தாலும் சரி சரி என்பவர், பிள்ளைகளிடம் அவருக்குச் சரி சரி சார் என்றே பெயர். அன்று அவர் சரி சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஏம்மா, பரீட்சையில ஆக்சிஜன்னு எழுதினாத்தான் மார்க்கு. நீங்க இன்னும் ஒம்பது பாடம் எடுத்துட்டுப் போயிடுவீங்க. அப்புறம் இதுங்கள நான்தான் கரையேத்தணும். இந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வேற எழுதுங்க."

கெட்ட மனிதர் இல்லை. இருபது வருடமாக நாளைக்கு ஆறு வகுப்பு எடுத்து எடுத்துத் தேய்ந்தவர். அவள் கிழிக்கவில்லை, அவரும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில், அடுத்த வாரம் பாடத்தில் பத்து நிமிடம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரை மனதாகச் சொன்னார்.

அதற்கு நடுவில் வந்த மூன்று பாடங்கள்தான் அவளை உருக்கின. மூன்றாம் பெஞ்சுக்காரி மாறிப் போயிருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள், பேனா மூடியை மெல்லவில்லை. டீச்சர் கைதட்டியதும் முதல் ஆளாகத் திரும்பியது அவள்தான். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசை கட்டி நின்றபோதும் அவள் கண் டீச்சரின் முகத்தை விட்டு நகரவில்லை. மற்ற டீச்சர்களிடம் விசாரித்தபோது, இப்போதெல்லாம் ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்றார்கள்.

அந்தப் பத்து நிமிடம் வந்தது. என்ன பேசவேண்டும் என்று பேருந்திலேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். மெழுகுவர்த்தியை மேசையில் வைத்துவிட்டு, மென்று முழுங்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. குமிழி வந்துச்சுன்னு இவ சொன்னது உண்மை. இவ சரியாத்தான் பார்த்தா, நான்தான் பாக்கல. எல்லார் முன்னாடியும் உன்ன உக்காரச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கம்மா."

டீச்சர் மன்னிப்புக் கேட்டுப் பிள்ளைகள் பார்த்ததில்லை, சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சொல்லிவிட்டதில் டீச்சருக்கு நெஞ்சு லேசானது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றே நம்பினாள். மூன்றாம் பெஞ்சுக்காரியை மேசைப் பக்கம் அழைத்து, டம்ளரை அவள் கையிலேயே கொடுத்தாள். அந்தப் பெண் பத்திரமாகக் கவிழ்த்தாள்.

டீச்சர் கைதட்டவில்லை. தட்டாமலேயே நாற்பத்தொரு முகமும் அவளைப் பார்த்தபடி இருந்தது. என்ன சொல்லப் போகிறாள், எது சரியான பதில் என்று அவள் வாயைப் பார்த்தார்கள். டம்ளரடியில் குமிழிகள் வந்தன, டீச்சர் மட்டும் பார்த்தாள். அங்கே பாருங்கள் என்று விரலை நீட்டினாள். விரலைப் பார்த்துவிட்டு மறுபடி அவள் முகத்துக்கே வந்தார்கள். சுடர் அணைந்தது, தண்ணீர் ஏறியது.

"என்ன பார்த்த?" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டாள்.

அந்தப் பெண் டம்ளர் பக்கம் திரும்பாமல் நின்றாள். பரவாயில்லை, தப்பானாலும் சொல்லு, உன் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று குனிந்து மெதுவாக மறுபடி கேட்டாள். குரல் கெஞ்சியது அவளுக்கே கேட்டது.

"நீங்க சொல்லுங்க டீச்சர்," என்றாள் அந்தப் பெண், மிகுந்த மரியாதையாக. "நான் அப்படியே எழுதிக்கிறேன்."

தன் இடத்துக்குப் போய் நோட்டைத் திறந்தாள். மேலே தேதி போட்டாள், கீழே கோடு இழுத்தாள், பேனாவைப் பிடித்தபடி டீச்சர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.