மூன்று போனாலும் தாங்கும்

உடையப்போகிற பொருளை அடுக்கி வைத்துவிட்டு, உள்ளே இருப்பது உடையவே உடையாது என்று வாக்குக் கொடுத்துச் சம்பளம் வாங்குவதுதான் எங்கள் தொழில். டேட்டா ஸ்டோரேஜ் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் ஏதோ கிடங்கு வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. வெளியே கும்மிடிப்பூண்டி வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, விசிறி இரைச்சலில் காது மந்தமாகி, மனைவி பேசினாலும் "ஆங்?" என்று கேட்டு அடி வாங்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

அரிசி மூட்டை, பருப்பு மூட்டை

தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் கேமரா வீடியோ, வருகைப்பதிவு எல்லாம் எங்களிடம்தான் இருக்கும். எங்களுக்குக் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், அத்திப்பட்டு என்று மூன்று ஷெட். புதிதாக வந்த மேனேஜர் சௌந்தர், "டிஸ்க் செத்தா டேட்டா எப்படிப்பா சாகாம இருக்கு?" என்று கேட்டார். கேட்கிறாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அரிசி மூட்டையின் எடை, பருப்பு மூட்டையின் எடை, இரண்டும் சேர்ந்த எடை என்று மூன்று சீட்டு எழுதி மூன்று பேரிடம் கொடுத்தால், யாருடைய சீட்டு தொலைந்தாலும் மற்ற இரண்டை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா? நாங்கள் செய்வதும் அதுதான், கொஞ்சம் பெரிய அளவில். எதையும் ஆறு துண்டாக வெட்டி, அந்த ஆறிலிருந்து கணக்குப் போட்டு இன்னும் மூன்று துண்டு செய்து, ஒன்பதையும் ஒன்பது டிஸ்க்கில் வைப்போம். ஷெட்டுக்கு மூன்று. எந்த ஆறு பிழைத்தாலும் முழுசும் திரும்பக் கிடைக்கும்.

அவர் நன்றாகவே புரிந்துகொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த மாதம் திருவள்ளூரில் ஒரு டிஸ்க் செத்தது. மாற்ற வேண்டும் என்று அனுமதி கேட்டுப் போய் நின்றேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மூணு போனாலும் தாங்கும்னு நீதானேப்பா சொன்ன? ஒண்ணுதானே போயிருக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்?"

வெறும் நெற்றி

திருவள்ளூர் ஷெட்டில் என்ஜினியர் கிடையாது. பள்ளிப்பட்டுக்காரரான செக்யூரிட்டி முனிரத்தினம்தான் அங்கே எல்லாம். ஆயுத பூஜைக்கு ரேக் முழுவதும் தோரணம் கட்டுவார். ஒவ்வொரு வரிசையிலும் முதல் டிஸ்க்குக்குக் குங்குமம், மற்றதற்கெல்லாம் சந்தனம். தடவ இடம் எங்கே இருக்கிறது? டிஸ்க்கின் முகத்தில் இருப்பதே ஓர் எண்ணும் ஒரு குட்டி விளக்கும்தான். உயிரோடு இருந்தால் வெள்ளை விளக்கு, செத்தால் சிவப்பு. எல்லாம் சந்தனத்துக்கு அடியில் போய்விடும். ஏன் இப்படி என்று கேட்டால், சோறு போடுகிற மெஷினை வெறும் நெற்றியோடு விடலாமா என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

இதற்கு மருந்து வைத்திருந்தவன் என் கூட்டாளி யேசுதாஸ். ஆரம்பாக்கத்துக்காரன், கான்ட்ராக்ட் டெக்னீஷியன். நாங்கள் இரண்டு பேர்தான் மூன்று ஷெட்டையும் பார்த்துக்கொண்டோம். பூஜை முடிந்து இரண்டு மூன்று நாள் விட்டு, வேறு வேலையாக வந்தவன் போலத் திருவள்ளூருக்குப் போவான். முனிரத்தினம் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, ஈரத்துணியால் ஒவ்வொரு விளக்காகத் துடைத்துவிட்டு வந்துவிடுவான். பெரியவருக்குத் தெரியாது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார்: "அவன் தொடைக்கிறது எனக்குத் தெரியும் நைனா. ரெண்டு நாளு சாமி இருந்துச்சில்ல, போதும்."

ஆள் கணக்கு

மேனேஜருக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. டிஸ்க்கோடு நிறுத்தியிருந்தால் இதை நான் எழுதவேண்டியதில்லை. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து மெயில் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேரில் ஒருத்தர் போனாலும் தாங்கும் இல்லையா என்றார். தாங்காது என்றேன். இரண்டு பேர் இருப்பதே ஒருத்தன் விழுந்தால் மற்றவன் தூக்கத்தான், ஒருத்தனைத் துரத்துவதற்கு இல்லை என்றேன். அவர் காதில் ஏறவில்லை. யேசுதாஸ் கான்ட்ராக்ட் ஆள், கேள்வி கேட்க நாதியில்லை. மாதக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள்.

அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி நின்றான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்: "டிஸ்க்கு பூட்ச்சினா மத்ததுலேர்ந்து திருப்பிக் கட்டிக்கிறீங்க. நான் பூட்டா என்னிய எதுலேர்ந்துணா கட்டுவீங்க?"

யானை படுத்தால்

அத்திப்பட்டு ஷெட்டில் ஏசி பழுதானது. கடல்காற்றின் உப்பு ஏற்கெனவே உள்ளே புகுந்து வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது. சூடும் சேர்ந்ததும் ஒரே வாரத்தில் இரண்டு டிஸ்க் போயின. திருவள்ளூரில் செத்துக் கிடந்ததோடு சேர்த்து மூன்று. இனி ஒன்று போனால் கதை முடிந்தது. அது வீடியோவில் ஒன்பதில் ஒரு பங்கு போவது இல்லை, முழுசும் போவது. ஓடிப்போய்ச் சொன்னேன். மேனேஜர் சிரித்தபடியே என் தோளில் தட்டினார்: "யானை படுத்தாலும் குதிரை மட்டம்யா. மூணுதானே? கோட்டைத் தாண்டலையே."

ஆரம்பாக்கம்

யேசுதாஸ் எங்கள் தொழிற்பேட்டையிலேயே, இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்திருந்தான். பெருக்குகிற வேலைக்கு என்று எடுத்து, ஆள் பற்றாத அன்று பிரஸ்ஸில் உட்காரவைத்திருக்கிறார்கள். கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தவேண்டிய தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்களாம், வேலை வேகமாக நடக்கட்டும் என்று. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். கம்பெனி என்ன சொல்லிற்று தெரியுமா? இவன் பெருக்க வந்தவன், மெஷின் பக்கம் போகச் சொன்னதே இல்லை, விளையாட்டுக்குக் கையை விட்டுக்கொண்டான் என்றது. அப்படி என்றால் நஷ்டஈடு இல்லை, ஒன்றும் இல்லை.

ஆரம்பாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை அங்கே உட்காரவைத்தது யார் என்பதற்கு ஒரே சாட்சி, பிரஸ்ஸுக்கு நேர் மேலே இருந்த கேமரா. அந்தக் கம்பெனியின் வீடியோ எங்களிடம்தான் இருந்தது. எங்கே கேட்டால் கிடைக்கும் என்று தொழிலாளர் அலுவலக அதிகாரிக்கு இவனே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். என்னால் அதைத் திறந்து நகல் எடுக்க முடியாது. நான் டிஸ்க்கைத் தொடலாம், உள்ளே இருப்பதைப் பார்க்கும் அனுமதி மேனேஜர் கையில். இதெல்லாம் அவனுக்கே தெரியும். அந்த வீடியோவின் ஒன்பதில் மூன்று செத்துக் கிடப்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. கிளம்பும்போது சொன்னான்: "அந்த டிஸ்க்கெல்லாம் நான் மாட்னதுணா. பத்திரமா பாத்துக்கோ."

சிவப்பு விளக்கு

அதிகாரியின் கடிதம் வந்தது. வீடியோவோடு, அது வைக்கப்பட்டிருக்கும் விதத்தையும் பார்க்க வருகிறார்களாம். இத்தனை மாதம் வராத வேகம் மேனேஜருக்கு ஒரு நிமிடத்தில் வந்தது. முதலில் வீடியோவை நகல் எடுத்துவிடலாம், அப்புறம் டிஸ்க்கில் கை வைக்கலாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு வீடியோவைப் பற்றிய கவலை இல்லை, ஸ்கிரீனில் மூன்று இடம் சிவப்பாக இருப்பதுதான் கவலை. திருவள்ளூரில் மாற்று டிஸ்க் ஒன்று இருந்தது. நான் போகிறேன் என்றேன்; இந்த ஷெட்டில் நீ ஒருத்தன்தான் மிச்சம், விட்டுப் போகக்கூடாது என்றார். அதுவும் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போவதென்றால் சென்னை போய் மாறவேண்டும். அதற்குள் அதிகாரி வந்துவிடுவார் என்று முனிரத்தினத்துக்கே போன் போடச் சொன்னார். செத்த டிஸ்க்கின் எண்ணை நான் சொல்ல வாயெடுக்கும்போதே போனைப் பிடுங்கி, "மூணாவது வரிசையில சிவப்பு எரியுதுல்ல, அதை உருவிட்டுப் புதுசை மாட்டுங்க" என்றார்.

ஒன்றுதான் சிவப்பு என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பெரியவர் பொய் சொல்லவில்லை. அந்த வருஷம் பூஜைக்குப் பிறகு துடைக்க யேசுதாஸ் இல்லை. செத்த டிஸ்க்கின் சிவப்பு, காய்ந்து இறுகிய சந்தனத்துக்கு அடியில் மறைந்து கிடந்தது. வரிசையின் முதல் டிஸ்க் நல்ல டிஸ்க். அதன் வெள்ளை விளக்கு குங்குமத்தின் வழியாகச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதை உருவினார். சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க், நல்ல சூடு. கையைச் சுட்டதும் சிமெண்டுத் தரையில் விட்டுவிட்டார். போனில் அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு பெரியவரின் குரல்: "இன்னா நைனா, உள்ள ஏதோ கடகடங்குது?"

ஐந்து

கீழே விழுந்தது பிழைக்கவில்லை. எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டியும் பார்த்தோம். மறுபடி ஆரம்பாக்கம் போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். செத்த டிஸ்க், ஏசி, சந்தனம், போன். வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் மணிக்கணக்காக விளக்கவேண்டியிருக்கும். கொஞ்சமாவது கிடைக்காதா, பாதியாவது தெரியாதா என்று கேட்டிருப்பார்கள். இவன் எத்தனை மிச்சம் என்று மட்டும் கேட்டான். ஐந்து என்றேன். ஐந்தும் நன்றாக இருக்கிறதா என்றான். ஒரு சின்னப் பிழைகூட இல்லாமல் இருக்கிறது என்றேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அவன் இடது கையால் டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"டீ ஆறுதுணா, குடி. அஞ்சுன்னா சைபர்தானே."

எல்லாம் பச்சை

வீடியோ கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். கம்பெனி சொன்னதே நின்றது: விளையாட்டுக்குக் கையை விட்டான். தங்கள் வீடியோ தொலைந்ததற்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. இனிப்புப் பெட்டி அனுப்பாததுதான் குறை. முனிரத்தினம் இப்போது பூஜைக்கு ரேக் பக்கமே போவதில்லையாம். வாசல் கதவுக்கு மட்டும் பொட்டு வைக்கிறார்.

அதற்குப் பிறகு, கேட்காமலே நான்கு புது டிஸ்க்கும் வந்து சேர்ந்தன. மாட்டினேன். எதையெல்லாம் திரும்பக் கட்ட முடியுமோ அதையெல்லாம் சிஸ்டம் தானே கட்டிக்கொண்டது. கட்ட முடியாததைத் தனியே காட்டி, இதை நீக்கிவிடலாமா என்று கேட்டது. மேனேஜர் வந்து சம்மதம் என்று அழுத்தினார். தொலைந்தது என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், ஸ்கிரீன் முழுக்கப் பச்சையாகிவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பாத்தியா? எல்லாம் பச்சை. தாங்கும்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

ஆக, சக பாவிகளே, மூன்று போனாலும் தாங்கும் என்பது சத்தியமான உண்மைதான், தாங்குவது யார் என்பதை மட்டும் நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.