கச்சானில் பறக்காத விமானம்

காலிதாவின் வாப்பா தோணிக்காரர். கச்சான் காற்றைப் பற்றி அவளிடம் கீழக்கரையில் யாரும் வாயைத் திறக்க முடியாது. மேற்கிலிருந்து அது வீசத் தொடங்கினால் கிழக்கே போன தோணி திரும்பாது. காற்று மாறும்வரை அங்கேயே கிடக்கும். பேசப் பழகும்போதே கற்ற பாடம் அது.

அந்த அறிவில்தான் கை வைத்தான் அவள் புருஷன் முஹைதீன்.

சிங்கப்பூரில் அவனுக்கு ஜவுளிக்கடை. கடைசியாக ஊருக்கு வந்தபோது, "சிங்கப்பூர்லேர்ந்து மதராஸ் ஆயிரத்தெண்ணூறு மைலு, காலிதா. விமானத்துல ஒரே பகல். ஆனா கச்சான் அடிச்சா எதிர்காத்துல அதால பறக்க ஏலாது" என்றான். அவள் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? "பறவையே திணறுது, இரும்பு என்ன செய்யும்?" என்று தெருவுக்கே பாடம் நடத்தினாள்.

மகள் உம்மு ஹபீபாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. வலியாக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளியாக இருந்து நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவர் பெண்ணின் வாப்பா. முஹைதீனோ முதலில் கடையில் ஆளில்லை என்று சொல்லியனுப்பினான். அப்புறம் கச்சான் வந்துவிட்டது. போன வருஷமும் இதே கதைதான். இந்த மாதம் தாண்டினால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

"வாப்பா தூரத்தில் இருந்தால் நானே வலியாக நிற்கலாம்" என்றார் நிக்காஹ் நடத்திவைக்கும் காஜியார்.

"பெத்தவரு இருக்கையில எம்புள்ளைய அநாதை மாதிரி கட்டிக்குடுக்கவா? காத்து மாறட்டும், ஓடி வந்துருவாரு" என்று காலிதா மறுத்துவிட்டாள்.

தெருவெல்லாம் மணல் பறக்கும் ஆடி மாதத்தில் சுஐபு வந்து நின்றான். சிங்கப்பூரில் முஹைதீனுக்குப் பக்கத்துக் கடைக்காரன்; அவனைக் காக்கா, அவளை லாத்தா என்று அண்ணன், அக்கா முறை வைத்துக் கூப்பிடுபவன். உம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வந்தவன், மரியாதைக்கு எட்டிப் பார்த்தான்.

"எப்ப பொறப்பட்டிய, தம்பி?"

"முந்தாநாள் காலையில, லாத்தா. சாயங்காலம் மதராஸ். பொறவு ரயிலு."

"இந்தக் கச்சான்லயா? எதிர்காத்துல எப்படிப் பறந்துச்சு?"

சுஐபு சிரித்துவிட்டான். "கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், அம்புட்டுத்தான். போன ஆடியில முஹைதீன் காக்காவும் நானும் ஒண்ணாத்தானே வந்தோம். மதராஸ்ல சரக்கெடுத்துட்டு ஊருக்குப் போறேன்னாங்க. இங்கன வரலையா?"

"வந்தாரு, வந்தாரு" என்றாள் காலிதா. மானத்தை விட முடியுமா?

அவன் போனபின் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வராமல் இருந்ததைக்கூடப் பொறுத்திருப்பாள். தன் வாப்பா சொல்லிக்கொடுத்த காற்றை எடுத்தல்லவா அவளை ஏமாற்றியிருக்கிறான்! அந்தப் பொய்யை ஊரெல்லாம் அவள் வாயாலேயே சொல்லவும் வைத்துவிட்டான். "துரோகி" என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்றே காஜியாரை வரவழைத்துக் கதவுக்குப் பின்னால் நின்றாள். "வர்ற வெள்ளிக்கிழமை நிக்காஹ் வச்சிரலாம். நீங்களே வலியா நில்லுங்க. அவ வாப்பா ரொம்பத் தூரத்துல இருக்காரு."

"காத்து மாறட்டும்னு சொன்னியளேம்மா?"

"காத்து மேல ஒரு குத்தமும் இல்ல, காஜியாரே."