கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிச்

சில வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் மறியலில் இருக்கும் கைதிகள் சிலருக்கு வயரிங் வேலை பழக்கப் போயிருந்தேன். சுன்னாகத்துப் பக்கம் வீடுகளுக்கு மின்சார வேலை செய்வதுதான் என் தொழில். பயிற்சியின் முடிவில் ஒரு செய்முறைச் சோதனை, சித்தியடைந்தால் சான்றிதழ்.

சிறைச் சுவரில் ஆணி அடிக்க முடியாது. அதனால் பெரிய பலகைகளில் சோக்குக்கட்டியால் வீடு கீறி, அதன்மேல் வயர் இழுப்போம். ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு வீடு. பின்னேரங்களில் அந்த மண்டபமே ஒரு குட்டி ஊராகிவிடும். ஒருவர் சமைக்கிற குசினியைப் பெரிதாக்குவார், இன்னொருவர் வாசலில் மல்லிகைப் பந்தல் கீறுவார். வந்த வேலையை மறந்து நானும் அந்தச் சோக்கு வீடுகளுக்குள் மனதால் நடந்து திரிந்திருக்கிறேன்.

குருநகரைச் சேர்ந்த ஒருவர், கடலைப் பார்த்தபடி இரண்டு அறை வீடு கீறினார். ஒன்பது வருடமாக உள்ளே இருப்பவர். சான்றிதழோடு வந்தால் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக அவருடைய மச்சான் சொல்லியிருந்தார். வயர் இழுத்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால், எல்லா அறைச் சுவிச்சும் கதவுக்கு வெளியே இருந்தது.

என் வாய் சும்மா இருக்காது. எல்லாருக்கும் முன்னால், "லைற் நூர்க்க வாசல்லை ஆள் வைச்சிருக்கிறியளோ?" என்று, விளக்கணைக்கவும் ஒரு ஆளா என்பதுபோல் கேலியாய்க் கேட்டுவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஓம் சேர்" என்றார் அவர். "ஒன்பது வருசமா வெளியிலை நிண்டுதான் எங்கடை லைற்றை நூர்க்கினம். உள்ளுக்கு வைக்கலாமெண்டு எனக்கு நினைப்பே வரேல்லை."

அடுத்த இரண்டு வகுப்புக்கு அவர் வரவில்லை. சோதனைக்கு நான்கு நாள்தான் இருந்தது. காவலரிடம் கேட்டு அவரைக் கூப்பிடுவித்தேன்.

"பிழை என்ரை. வாங்கோ, செய்வம்" என்றேன். அவர் சோக்கை எடுத்து, அறைக்குள் ஒரு கட்டில் கீறினார். பிறகு கட்டில் தலைமாட்டில் விரலை வைத்து, "இதிலை வைச்சா, படுத்த இடத்திலையிருந்து கை எட்டுமோ சேர்?" என்று கேட்டார். எட்டும் என்றேன்.

சோதனை நாளில் பரிசோதகர், "போடுங்கோ பாப்பம்" என்றார். குருநகர்க்காரர் கட்டிலடிச் சுவிச்சை அழுத்த, பல்ப் எரிந்தது. பரிசோதகர் புள்ளி போட்டுவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார். குருநகர்க்காரர் அங்கேயே நின்று, அவசரமில்லாமல், அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். அந்தப் பட்டப்பகலில் அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் வந்து வந்து போனது. காவலரும் தடுக்கவில்லை.

அவர் சித்தியடைந்து, விடுதலையாகி, மச்சானோடு வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். நானோ இன்றைக்கும் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், கட்டில் எங்கே வரும் என்றுதான் முதலில் கேட்கிறேன். தன் விளக்கைத் தானே அணைத்துவிட்டுப் படுப்பதும் ஒரு விடுதலைதான் என்பதை, பழக்கப் போன இடத்தில் நான்தான் பழகிக்கொண்டு வந்தேன்.